டிரெய்லர் பாஸாகிவிட்டது, மாப்பிள்ளை!

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். இங்கே நானும் உங்கள் அத்தையும் டிரெய்லரும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் புது வீட்டில் தரையில் படுத்தாலும் முதுகு வலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிக் கவலை வேண்டாம், கட்டில் வருகிறது. லாரியில் அல்ல, என் காருக்குப் பின்னால், என் சொந்த டிரெய்லரில் வருகிறது.

"மாமா, அந்தத் தகர வண்டிய ரோட்டுல விட்டா புடிச்சு உள்ள வெச்சிடுவாங்க, பேசாம லாரி சொல்லிடறேன்" என்று போனில் சிரித்தீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் உயரத்துக்கென்று நானே இழைத்து இழைத்துச் செய்த கட்டிலை எவனோ ஒரு லாரிக்காரன் தூக்கிப் போடுவதா? விளக்கு இல்லாததுதானே குறை, மாட்டிவிட்டால் போச்சு என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் நீலத்தில் ஓடுவது, பச்சையில் மின்னுவது என்று பரப்பி வைத்து, "இத மாட்டுங்க சார், ஊரே திரும்பிப் பாக்கும்" என்றார். "ஊர் பாக்க வேணாம்பா, பின்னாடி வர்றவன் பாத்தா போதும்" என்று சொல்லி, பின்னால் சிவப்பு, திரும்புவதற்கு மஞ்சள், நம்பர் பலகைக்கு மட்டும் வெள்ளை, கூடவே சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான் இரண்டு என்று சட்டம் சொன்னதை மட்டும் வாங்கினேன். அரைக் கண் பார்வைக்காரனுக்கும் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் பின்கதவிலேயே பொருத்தினேன்.

பொருத்திவிட்டு அத்தையைப் பின்னால் நிறுத்தி பிரேக்கை மிதித்தேன். "இடது பக்கம் மட்டும் கண்ணடிக்குதுங்க" என்றாள். இண்டிகேட்டர் போட்டேன். "இப்ப எல்லாமே சேந்து அழுது வடியுது." வயரைப் பிரித்தேன், மாற்றினேன், மறுபடி பிரித்தேன். "அடுப்புல பால் இருக்கு, நீங்களே கண்ணடிச்சுக்கிட்டு இருங்க" என்று அவள் உள்ளே போய்விட்டாள். ஆத்திரத்தில் ஒரு நட்டை முறுக்கினேன் பாருங்கள், ஸ்பானர் வழுக்கி, ஆசை ஆசையாக நான் அடித்த பெயிண்டைப் பிறாண்டிவிட்டது. சுரண்டிய இடத்தில் எர்த் வயர் பட்டதுதான் தாமதம், விளக்குகள் பளிச்சென்று எரிந்தன! அது வெறும் இரும்பில் படவேண்டுமாம். நானோ அழகு பார்த்து இரும்புக்கு நாலு கோட் பெயிண்டில் சட்டை தைத்துப் போட்டிருந்தேன்.

வண்டிப் பரிசோதனை நிலையத்தில் ஆய்வாளர் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "பிரேக் போடுங்க... லெஃப்ட்... ரைட்... யார் சார் வயரிங் பண்ணது?" கையிலிருந்த ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "நான்தாங்க." "நீட்டா பண்ணியிருக்கீங்க." மாப்பிள்ளை, உங்கள் கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படிக் கண் கலங்கவில்லை. வீடு திரும்பும்போது தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆகவே வரும் ஞாயிறு வாசலில் நின்று, டிரெய்லரின் பின்பக்கம் வந்து, விளக்குகளைக் கண்ணாரப் பார்த்து, தகர வண்டி என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்ளவும். மகளுக்கு என் அன்பு. இருவரும் நூறாண்டு அந்தக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இப்படிக்கு,
பாஸான டிரெய்லரின் சொந்தக்காரன்,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கட்டிலை ஏற்றிப் பார்த்தோம். உங்கள் உயரம் டிரெய்லருக்குள் அடங்கவில்லை. பின்கதவை இறக்கிப் போட்டால்தான் கட்டில் ஏறுகிறது. இறக்கினால் விளக்குகள் அத்தனையும் தரையைப் பார்த்துப் பிரமாதமாக எரிகின்றன. "எறும்புக்கெல்லாம் நல்ல வெளிச்சங்க" என்கிறாள் அத்தை. லாரி சொல்லிவிடவும். அதன் பின்விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்றும் விசாரிக்கவும். எரியாவிட்டால் சொல்லுங்கள், ஸ்பானரோடு நானே வருகிறேன்.