பந்தியில் பிடிபட்ட பக்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே விசாரணை இல்லாமல் ஒரு டம்ளரைக்கூடத் தொடாத ஒரே ஜீவன் ‘யாருது’தான். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். நிஜப் பெயர் வேறு. எதைப் பார்த்தாலும், “இது யாருது? வேலை முடிஞ்சுதா? யாரு எடுத்து வைப்பா?” என்று மூன்று கேள்வி. காபி டம்ளர், குடை, மாடிப்படியில் படுத்திருந்த பூனை, எதுவும் தப்பாது. பெண் பார்க்க வந்தவர்கள் நீட்டிய பூத்தட்டை வாங்கிக்கொண்டு, “தட்டைத் திருப்பித் தரணுங்களா?” என்று வருங்கால மாமியாரை மிரள வைத்தவள்.

நாங்கள் நெல்லின் ஈரம் பார்க்கும் மெஷின் செய்தோம். அடியில் சி பிளஸ் பிளஸ் புரோகிராம் அளக்கும். அந்த அளவு மெமரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பாயிண்டரை நீட்டும். மேலே நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் அந்த இடத்தைப் பார்த்து, விவசாயி பெயரோடு திரையில் காட்டும். ஆபீஸில் ஒரு நாளும் தப்பியதில்லை. நீடாமங்கலம் பக்கத்து ரைஸ் மில்லில் கூட்டம் சேர்ந்ததும் உளற ஆரம்பித்தது. புரோகிராமில் எங்கோ பிழை, எங்கள் பாஷையில் ‘பக்’. வலங்கைமான் அக்கா ஒருவர் மூன்று நாள் களத்தில் காயவைத்த நெல்லை மெஷின் ‘ஈரம்’ என்று காட்ட, மூட்டைகளை ஓரம் கட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு நீடாமங்கலத்திலேயே ஆபீஸ் நண்பன் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய் வைப்பதற்குள் மில் முதலாளியின் போன்.

“தம்பி, நாலு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க. அந்தம்மா இங்க உக்காந்து அழுவுது.”

வெளியே போய்க் கெஞ்சிவிட்டு, போனும் காதுமாகவே திரும்பினேன். அதே வரிசை, அதே மூன்றாவது நாற்காலி. உட்கார்ந்து, பார்க்காமலே வடையை எடுத்துக் கடித்தேன்.

“யோவ், அது என் இலை!” கை கழுவிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

“இல்லைங்க, நான் இங்கதான் உக்காந்திருந்தேன்...”

“நீ எந்திரிச்சுப் போனே. சாப்ட்டாச்சுன்னு உன் இலையை எடுத்துட்டாங்க. இது எனக்குப் போட்டது. வடையைக் கீழ வை!”

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாருது துள்ளினாள். “டேய், இதாண்டா உன் பக்! இடம் அதேதான், இலை வேற! அளந்து முடிச்சதும் சி பிளஸ் பிளஸ் இலையை எடுத்துட்டு அடுத்தாளுக்குப் போட்டுடுது. உன் ஸ்கிரிப்ட் பழைய இடத்தையே நம்பி அடுத்தவன் வடையைத் தின்னுது!”

“இப்ப என்ன பண்றது?”

“ஸ்கிரிப்ட் சாப்ட்டு முடிச்சு எந்திரிக்கிற வரைக்கும் இலையைத் தொடாதேன்னு எழுதணும். லேப்டாப்பை எடு!”

வலக்கை முழுக்கச் சாம்பார்; இடக்கையால் மட்டும் தட்டினாள். “என் வடைக்கு ஒரு வழி பண்ணிட்டு எழுதும்மா,” என்றார் பெரியவர்.

மூன்றரைக்கு மில்லில் நின்றோம். வரிசையில் இருந்தவர்களை வேண்டுமென்றே விரட்டி விரட்டி அளந்தோம். ஒருத்தர் அளவுகூட இன்னொருத்தர் பெயரில் வரவில்லை. வலங்கைமான் அக்காவின் நெல், காய்ந்த நெல்! “தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?” என்று அவர் முழங்க, முதலாளி தானே மூட்டைக்குத் தோள் கொடுத்தார். மெஷின் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

“யாரு சரி பண்ணது?” என்றார் முதலாளி.

“இவன்தாங்க,” என்று என்னை முன்னே தள்ளினாள் யாருது.

பைக்கில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பாயசம் வருவதற்குள் இலையை மடித்துவிட்டு என்னோடு கிளம்பியிருக்கிறாள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.