இரண்டாவது விரல்

வின்சென்ஸ் ஐந்தரைக்கு எழுந்தான். காபி போட்டு நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவோரம், ஈர பூட்ஸைக் காயவைக்க, சூடான காற்று வரும் நான்கு முளைகள் இருந்தன. இரண்டில் அவனுடைய பனிச்சறுக்கு பூட்ஸ் தலைகீழாக மாட்டியிருந்தது. மற்ற இரண்டும் காலி. அக்டோபரில் மனைவி ரொமானாவை அடக்கம் செய்தபோது, சறுக்குப் பள்ளி ஆசிரியையின் சிவப்புச் சட்டையோடும் பூட்ஸோடும் அனுப்பி வைத்தார்கள். அவள் அப்படித்தான் கேட்டிருந்தாள். அவள் அக்கா ஆஃப்ரா வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனாள்.

மெல்லிய காலுறை ஒன்று. வலது கால், இடது கால். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு. நான்கு கொக்கிகள்.

வீடு சரிவின் மேலே, கடை கீழே. பனி விழுந்துவிட்டால் சறுக்கிக்கொண்டு போக ஏழு நிமிடம். இந்த வருடம் அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூன்றாவது நிமிடத்தில் இடது காலின் இரண்டாவது விரல் வலித்தது.

இது அவனுக்கு வரக்கூடாத வலி. பள்ளத்தாக்கில் யாருடைய பூட்ஸ் கடித்தாலும் அவனிடம்தான் வருவார்கள். அவனுக்குத் தொழிலே அதுதான்.

பக்கத்து ரொட்டிக்கடை ஆஃப்ராவுடையது. தினமும் போல ஒரு ரொட்டியோடு வந்தவள், அவன் கதவைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்த விரல்?"

"ரெண்டாவது."

"இடது கால்ல?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"நொண்டறியே மாப்பிள்ளை, அதான்" என்றாள். ரொட்டியை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் முதலில் சொல்வது, நகத்தை வெட்டுங்கள் என்பது. வெட்டினான். கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டான். ரத்தம் வந்தது. பிளாஸ்திரி போட்டான். பிளாஸ்திரிக்கும் சேர்த்து உள்ளே இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பூட்ஸை மேஜையில் வைத்துத் தடவிப் பார்த்தான். நான்கு வருடத்துக்கு முன் அந்த விரலுக்காகப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, வெளிப்பக்கம் ஒரு புடைப்பைத் தள்ளியிருந்தான். இப்போது புடைப்பு இல்லை. வழவழவென்று இருந்தது.

பிளாஸ்டிக்குக்கு ஞாபகம் உண்டு. சூடாக்கித் தள்ளிய இடம் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். ஆனால் கொஞ்சம்தான் திரும்பும். இது முழுக்கத் திரும்பியிருந்தது, யாரும் எப்போதும் தொடாதது போல. அவனுக்குப் பின்கழுத்து சில்லென்றது. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுபடி சூடாக்கித் தள்ளினான். புதன்கிழமை விரல் புடைப்புக்குள் போய் மாட்டிக்கொண்டது. மூன்றாவது விரலும் வலிக்க ஆரம்பித்தது.

"எந்த விரல்?" என்றாள் ஆஃப்ரா.

"ரெண்டாவது, மூணாவது."

"மூணாவதுமா?" அவள் முகம் வெளுத்தது. "மூணாவதைப் பத்தி எனக்குத் தெரியாதே" என்றாள்.

"என்ன தெரியாது?"

"ஒண்ணுமில்ல. ரொட்டி ஆறிடும், சாப்பிடு."

இடம் உண்டாக்கலாம் என்று உள்ளே இருந்த அடிமெத்தையை உருவினான். கால் கீழே இறங்கியது, முன்னால் நழுவியது, ஐந்து விரலும் முட்டின. நழுவாமல் இருக்க மேல் கொக்கிகளை இறுக்கினான். பாதம் மரத்துப்போனது. கடையில் நொண்டியபடியே ஒரு வாடிக்கைக்காரிக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"முன்னாடி இடிக்குதுங்க" என்றாள் அவள்.

"முழங்காலை மடக்குங்க. விரல் தானா பின்னாடி போயிடும்."

"உங்களுக்கு மடங்காதோ?"

மதியம் சறுக்குப் பள்ளித் தலைவர் கெப்ஹார்ட் வந்தார். அவன் அலமாரிக்குப் போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சனிக்கிழமை சீசன் ஆரம்பம். என் ஆசிரியர்கள் நாப்பது பேரும் பத்து மணிக்கு உன் கடைக்கு வராங்க."

"வரட்டும்."

"நொண்டிக்கிட்டே அவங்க காலைப் பிடிப்பியா? பல்லில்லாத பல் டாக்டர்கிட்ட யாருப்பா வாயைத் திறப்பா?"

"அதுக்குள்ள சரியாயிடும்."

"ஆகலைன்னா நாப்பது பேரையும் கீழ் ஊர்க் கடைக்கு அனுப்பிடுவேன். உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா அவங்க கால் என் பொறுப்பு."

அந்த நாற்பது பேர் போனால் கடை இல்லை. கடை இல்லையென்றால் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை. எழுந்திருக்க அவனுக்கு வேறு எதுவும் இல்லை. இதை அவன் கெப்ஹார்டிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, எடையை விரலில் விழவிடாமல் பின்னால் சாய்ந்தபடி சறுக்கி வந்தான். பனிமூட்டம். ஆட்களைக் கம்பியில் தொங்கும் நாற்காலிகளில் சரிவின் மேலே ஏற்றும் லிஃப்டை இயக்கும் லூயிஸ், தன் கூண்டிலிருந்து வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீயா?"

"வேற யாரு?"

"கடவுளே. ரொமானா வர்றான்னு நினைச்சேன். பின்னாடி சாஞ்சுக்கிட்டு, இடது முழங்கையை விரிச்சுக்கிட்டு... அவளேதான். பயத்துல லிஃப்டையே நிறுத்திட்டேன்."

மூட்டத்துக்குள் எங்கேயோ, சோதனை ஓட்டத்தில் ஏறியிருந்த பதினொரு பேர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அவ ஏன் அப்படிச் சாய்வான்னு உனக்குத் தெரியுமா?" என்றார் லூயிஸ்.

"பழக்கம்."

"விரல் வலின்னு எங்கிட்ட சொல்லுவா. உங்கிட்ட சொன்னதில்லையா?"

"சொன்னா. சீசன் முடியட்டும், பாக்கலாம்னேன்."

"எத்தனை சீசன்?"

லூயிஸ் கூண்டுக்குள் போய் லிஃப்டை ஓடவிட்டார்.

அன்று முழுக்க முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தான். கவனம் தப்பும்போதெல்லாம் அது விரிந்தது.

சனிக்கிழமை கடைக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றினான். நகம் கறுத்திருந்தது. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. இடது பூட்ஸை இடுக்கியில் பொருத்தி, முன்பக்கத்தை அப்படியே அறுத்து எடுத்துவிடுவதென்று ரம்பத்தை எடுத்தான்.

ஆஃப்ரா ரொட்டியோடு உள்ளே வந்தாள்.

"அறுக்காதே!"

"சுருங்கிடுச்சுக்கா. நான் தள்ளின புடைப்பே காணோம்."

"சுருங்கலை. அதுல நீ ஒரு நாளும் புடைப்பு தள்ளினதில்லை." ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அது ரொமானாவோடது."

அவன் ரம்பத்தைக் கீழே வைத்தான். ஒரே சிவப்பு, ஒரே அளவு. இரண்டு ஜோடியையும் ஒரே நாளில் வாங்கினார்கள். அவளுக்கு ஆம்பளைக் கால் என்று ஊரே கேலி செய்யும். இத்தனை வருடத் தொழிலில், தன் காலில் இருப்பது யாருடையது என்று அவன் ஒருநாளும் பார்க்கவில்லை.

"அப்ப அவளுக்குப் போட்டு அனுப்பினது?"

"உன்னுது."

"மாத்தி எடுத்துட்டீங்களா?"

"எனக்கென்ன கண்ணு தெரியாதா? உள்பக்கம் உன் பேர் எழுதியிருந்துச்சு. பாத்துத்தான் எடுத்தேன்." ஆஃப்ரா வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அஞ்சு நாளா சொல்லத்தான் வரேன். வாய் வரலை."

வெளியே முதல் ஆசிரியர்கள் வந்துவிட்டார்கள். படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்க்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்னைக் காபி குடிக்க அனுப்பினாளே."

"ஆமா. 'போய் ஒரு காபி குடிச்சிட்டு வா'ன்னா. அதுதான் கடைசி."

"அது கடைசி இல்லை. நீ போனதும் கண்ணைத் திறந்தா. பக்கத்துல வான்னு கூப்பிட்டா."

"என்ன சொன்னா?"

"'அவன் பூட்ஸை எனக்குப் போட்டு விடு அக்கா. அவன் கடை வரைக்கும்தான் போகணும். நான் ரொம்ப தூரம் போகணும்.'"