சந்தனம் படாத மஸ்டாங்

தூசி துடைத்தால் காரின் மானம் போய்விடும். இது என் கணவர் யசோதரனின் கொள்கை. அதே மனிதர், சோற்றுக் கோப்பையில் ஒரு பொட்டு ஊத்தை கண்டால் என்னைக் குசினிக்குத் திருப்பி அனுப்புவார்.

கார் என்றது எங்கள் கொரொலாவை அல்ல. அமெரிக்க மஸ்டாங். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அங்கே யாரோ வாங்கி, கொட்டிலில் பூட்டி, மறந்துபோய்ச் செத்தும் போனாராம். அதனால் அதிகம் ஓடவில்லை. யாரும் திருத்தவுமில்லை. பெயின்ற், டயர் எல்லாம் கொம்பனியில் போட்டபடி. தூசி மட்டும் கொட்டிலில் பிடித்தது. அதுவும் ஒரிஜினல்தான்.

"திருத்தின காரை எவனும் வைச்சிருப்பான். திருத்தாமல் வைச்சிருக்க மனக்கட்டுப்பாடு வேணும்" என்பார். நாங்கள் குடியிருக்கும் பென்டில் ஹில்லின் தமிழர் பாதிப்பேர் வந்து பார்த்துப் போனார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமைதான்.

ஸ்டியரிங் இடப்பக்கம்; இங்கத்தைய கார்களுக்கோ வலப்பக்கம். இடப்பக்கம் இருந்து பழகவேண்டுமென்று, கார் லொறியில் வந்து இறங்கிய நாள்முதல் மாலையானால் கராஜுக்குள் அதில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

பிறகுதான் அறிவிப்பு வந்தது: கொரொலாவை விற்கப்போகிறார். பின்னுக்கு எடுக்கும்போது மஸ்டாங்கில் முட்டினால்? ஞாயிறுகளில் மஸ்டாங், வேலைக்கு ரயில்.

"அப்ப எனக்கு?"

"உமக்குத்தான் ஓடப் பயமே."

பயம்தான். லைசென்ஸ் எடுத்துவிட்டேன், ஆனாலும் ரவுண்டபௌட்டைக் கண்டால், சைவப்பிள்ளையான என் வாயில் நான் படித்த கன்னியர் மடத்துச் செபமெல்லாம் வரிசையாய் வரும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று: கைக்குழந்தை தர்ஷனாவுக்குப் பகலில் காய்ச்சல் வந்தால், கார் இல்லாமல் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவேன்?

நான் சண்டை பிடிக்கவில்லை. வாதாடாதே, அடக்கமாய்க் கேள்வி கேள் என்றுதான் மடத்துச் சிஸ்டர் பழக்கியிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் கொரொலாவை வாங்க ஆள் வருவதாக இருந்தது. காலையில் அவரும் நண்பர் ஆனந்தராஜா அண்ணையும் கராஜில் கதிரை போட்டு மஸ்டாங்கைத் தரிசித்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி கொண்டுபோனேன். பூசை போடாத வாகனத்தை என் கணவர் ரோட்டில் இறக்கமாட்டார். புல்லு வெட்டுகிற மெஷினுக்கே பொட்டு வைத்தவர்.

"இஞ்சருங்கோ, மஸ்டாங்குக்குப் பூசை எப்ப?"

"நாளைக்கு. ஐயரிட்டச் சொல்லிட்டன்."

"சந்தனம் எதில பூசுவார்?"

வாயிலிருந்த தேத்தண்ணியை அவர் விழுங்கவில்லை.

"பொனெற்றிலதான், பிள்ளை" என்றார் ஆனந்தராஜா அண்ணை. "மேல குங்குமம். என்ர வான் பொனெற்றில பிடிச்ச கறை இன்னும் போகேல்லை."

"காத்தில பூசச் சொல்லுவம்" என்றார் இவர்.

"சந்தனம் படாட்டி அதென்ன பூசை?" என்றார் அண்ணை.

டயருக்கு அடியில் எலுமிச்சங்காய் நசிப்பதைப் பற்றியும் அடக்கமாய்க் கேட்டேன். மஞ்சள் தண்ணி தெளிப்பதையும் நினைவூட்டினேன். பிறகு கழுவலாம் என்று தொடங்கியவர் தூசியைப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப பூசை இல்லாமலே ஓடுவமோ?" என்றார் என் கணவர்.

கொடியேற்றத்தன்று இறைச்சி தின்றவனைப் பார்ப்பதுபோல அண்ணை அவரைப் பார்த்தார்.

மஸ்டாங் கராஜிலேயே நின்றது. ஓடாத காரை நம்பி ஓடுகிற காரை விற்க முடியுமா? கொரொலாவுக்கு வரவேண்டாம் என்று அவரே போன் பண்ணினார். பின்னுக்கு எடுக்கும் தொல்லை வராமல் கொரொலாவை நானே ரோட்டோரம் விட்டேன். அதற்கே மூன்று செபம் முடிந்தது.

திங்கள் காலை கொரொலாவை ஸ்டார்ட் பண்ணத் திறப்புக்காகக் கை நீட்டினார். திறப்பு என் கையில் இருந்தது.

"வேலைக்கு ரயில் எண்டெல்லோ சொன்னனீங்கள். வாங்கோ, ஸ்ரேசனில இறக்கிவிடுறன்."

இப்போது தினமும் நான்தான் ஓடுகிறேன். பின்சீற்றில் தர்ஷனா. ரவுண்டபௌட்டுக்கு ஒரு செபம் போதும். என் கணவரும் விடாமல் பழகி வருகிறார், இடப்பக்கம் இருந்து, என்னுடைய கொரொலாவில்.