மாத்திரைப் பெரட்டு

2019 ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை. எழுந்தேன், குளித்தேன், சாமிவிளக்கு ஏற்றினேன். டின்பால் ஊற்றி, சாயம் கறுக்கத் தேத்தண்ணி கலக்கினேன். ஒரு கையில் அது, மறுகையில் இரும்புச்சத்து மாத்திரை. எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி கௌரியின் கட்டிலருகே போய் நின்றேன்.

“வாயைத் திற. முழுங்கு. நாக்கைக் காட்டு.”

“வந்துட்டாரு மண்டோரு” என்று எழுந்தாள் கௌரி.

இந்தச் சடங்குக்கு ‘மாத்திரைப் பெரட்டு’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். (ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் மண்டோர் என்கிற கங்காணி ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது பெரட்டு. சுங்காய் ஊர்ப் பக்கத் தோட்டமொன்றில் என் அப்பா ஆயுசு முழுக்க அப்படி நின்றவர்.)

வெறும் தண்ணீரில் மாத்திரை குமட்டுகிறது என்று அவள் சொன்னதும் தேத்தண்ணியை ஏற்பாடு செய்தவன் நான். அப்பா அதைக் குடித்துவிட்டுத்தான் மரம் சீவப் போவார். அதில் தெம்பு உண்டு என்பதை எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் சந்தேகித்ததில்லை. கௌரியின் முகம் வெளுக்க வெளுக்க, நான் சாயத்தைக் கூட்டினேன்.

ஆனால் ரத்தம் ஏறவில்லை. மாத்திரையைத் துப்புகிறாளோ என்று புந்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுப் பூச்சட்டிகளை எல்லாம் கிளறினேன். (செம்பருத்தி செத்ததுதான் மிச்சம்.) போதாததற்கு, எந்நேரமும் ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். சளி பிடிக்கும் என்று ஐஸ்தட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன்.

அன்று கிளினிக் வாசற்படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். உள்ளே, இளம் பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

“இன்னும் இறங்கியிருக்கே. ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறீங்களா அக்கா?”

நான் முந்திக்கொண்டேன். “ஒரு நாள் தவறல டாக்டர். நானே பக்கத்துல நின்னு குடுக்குறேன், கெட்டித் தேத்தண்ணியோட.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “தேத்தண்ணியோடயா?”

“ஆமா லா. டின்பால் நல்லா ஊத்தி.”

அவர் சிரித்திருந்தால் பரவாயில்லை. “அண்ணே, தேத்தண்ணியும் பாலும் இரும்பை உடம்புல சேர விடாது. ஐஸ் நிறைய கடிக்கிறாங்களா?”

“ஒளிச்சு வச்சிட்டேன் டாக்டர்” என்றேன், பெருமையாக.

“ரத்தசோகை வந்தா அப்படித்தான் ஐஸைத் தேடும்ணே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிரசவத்துல எல்லாருக்கும் ரத்தம் போகும். இவங்களுக்கு அதைத் தாங்குற அளவுக்கு இல்ல. இனி மாத்திரையை நம்பி இருக்க நேரமும் இல்ல. இன்னைக்கே வார்டுல சேர்த்து, நரம்பு வழியா இரும்பு ஏத்தணும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மருந்தைத் தொங்கவிட்டார்கள். பால் ஊற்றாத தேத்தண்ணியின் அதே நிறம். கௌரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீனி போட்டீங்களா மண்டோரே?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கை சில்லென்றிருந்தது.

“நான் எல்லாத்தையும் முழுங்கினேன்ங்க” என்றாள். “ஒண்ணுகூடத் துப்பல.”

பூச்சட்டி விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிரசவத்தில் ரத்தம் போகத்தான் செய்தது. தாங்கிவிட்டாள். அன்று பிறந்த மலர் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்டால் போதும், “அம்மா, பெரட்டு!” என்று கத்திவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நிற்பாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால், இரும்பு ஏற்றிய அன்றிரவு தனியாக வீடு திரும்பினேன். மறுநாள் ஏப்ரல் 10, புதன்கிழமை. எழுந்தேன். குளிக்கவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. முதல் வேலையாக அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஐஸ்தட்டை எடுத்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஐஸ்பெட்டியில் பழைய இடத்தில் வைத்தேன்.