கழற்றி மாட்டும் கனகசபாபதி

கழற்றி மாட்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். செல்போனில் சிக்னல் இல்லையா, பேட்டரியைக் கழற்றி மாட்டுவார். டி.வி.யில் புள்ளி விழுகிறதா, கேபிள் வயரைக் கழற்றி மாட்டுவார். மனைவி பேசாமல் இருந்தால் மட்டும் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் மாமனார் வீட்டுக்குப் போன் போடுவார்.

எங்கள் சிவகாசியில் இந்த இனத்துக்குத் தலைவர் கனகசபாபதி. பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். "திரி பத்தி வெடிக்கலேன்னா கிட்டப் போய்க் குனியாதலே!" என்று இருபது வருஷமாக ஊரையே அதட்டியவர், சொந்தக் காரின் பானெட்டுக்குள் மட்டும் எந்நேரமும் குனிந்தே கிடப்பார்.

போன வருஷம் அந்தக் காருக்குப் புது பேட்டரி போட்டார்கள். போட்டதும் இஞ்சின் சத்தம் ஒரு மாதிரி ஏறி இறங்கியது. மெக்கானிக் உக்கிரபாண்டி தெளிவாகத்தான் சொன்னார்: "அண்ணாச்சி, பேட்டரி வயரைக் கழட்டுனா இஞ்சின் கம்ப்யூட்டரு படிச்சதெல்லாம் மறந்துரும். எம்புட்டுக் காத்து, எம்புட்டு பெட்ரோல்னு மறுபடி மொதல்ல இருந்து படிக்கணும். சும்மா ஓட்டுங்க, தானா சரியாயிரும். கும்பிட்டுக் கேக்கேன், கை வைக்காதீக."

தலையாட்டினார். தலையாட்டுவதில் இந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, விருதுநகர் எண்ணெய் மில் ஆபீசில் மகள் கற்பகவல்லிக்கு இன்டர்வியூ. இதுவும் நழுவினால் சாத்தூர் மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எட்டரைக்குக் கிளம்பினார்கள். முதல் வேகத்தடையிலேயே இஞ்சின் குலுங்கி அணைந்தது. இறங்கினார், பானெட்டைத் திறந்தார், ஸ்பானரால் வயரைக் கழற்றினார், பத்து நிமிஷம் பொறுத்து மாட்டினார். பாவம் அந்தக் கம்ப்யூட்டர்! 'அ' எழுதி 'ஆ'வுக்குப் போவதற்குள் சிலேட்டைப் பிடுங்கி அழித்தால் அது என்னதான் செய்யும்? மறுபடி குலுங்கியது. மறுபடி கழற்றினார். ஆமத்தூர் வருவதற்குள் மூன்று தடவை.

"அப்பா, மணி ஒம்பதே கால். நான் பஸ்ஸுல போறேன்."

"இரு தாயி, இந்த ஒரு தடவ மட்டும்."

மனைவி சொர்ணலட்சுமி இறங்கி வந்தார். ஸ்பானரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "இனி அதத் தொட்டீகன்னா நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸேறிருவோம். பேசாம ஓட்டுங்க."

ஓட்டினார். வேறு வழி? அணைந்தால் சாவியைத் திருப்பினார், குலுங்கினால் பல்லைக் கடித்தார். ஏழெட்டுக் கிலோமீட்டரில் குலுக்கல் குறைந்தது. மில் வாசலில் நிறுத்தியபோது இஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. மணி பத்தாக ஐந்து நிமிஷம். கற்பகவல்லி ஓடினாள். வேலையும் கிடைத்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் கனகசபாபதி சொன்னார்: "மூணு தடவ கழட்டி மாட்டுனேன் பாருங்க, அதுலதான் இஞ்சினுக்குப் புத்தி வந்துச்சு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் 'ரெண்டு நாளில் சொல்றோம்' என்றதும், அன்றைக்கே போன் போட்டு 'என்ன முடிவு பண்ணீக' என்று கேட்டது யார்? அது போகட்டும். அடுப்பில் இட்லி வேகிறதே, இதைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை தடவை எழுந்துபோய் மூடியைத் திறந்தீர்கள்?