ஹாஃப்மனுக்கு ஒரு தட்டு ஹாமன்தாஷன்

மனித நாகரிகத்தின் சிகரம் எது என்று கேட்டால் சிலர் பிரமிடைக் காட்டுவார்கள், சிலர் நிலாவைக் காட்டுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் சான் ரமோன் வணிகப் பூங்காவில் இன்ஷூரன்ஸ் சாஃப்ட்வேர் எழுதும் ஒரு கம்பெனியின் ப்ரேக் ரூமைத்தான் காட்டுவார்கள். சகல இனத்தாரும் சகல மதத்தாரும் அங்கே ஒரே மைக்ரோவேவுக்காக வரிசையில் நிற்கிறார்கள். மீன் குழம்பு சூடு பண்ணக் கூடாது என்ற ஒரே சட்டத்தைத் தவிர, அங்கே ஒடுக்குமுறை என்று எதுவுமே கிடையாது.

அந்தப் புண்ணிய பூமியில் சேனாபதிக்கு ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. விசா உலகில் ஆறு என்பது சாதாரண எண் அல்ல. அதற்குள் கம்பெனி க்ரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணாவிட்டால், ஏழாவது வருடத்தை ஈரோட்டில் கொண்டாட வேண்டியதுதான். இந்த வருடமோ, சிக்கன நடவடிக்கையாக "ஒரு டைரக்டருக்கு ஒரு தலை" என்று மேலிடம் அருள்பாலித்திருந்தது. அந்த ஒரு தலையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு டைரக்டர் ராபர்ட் ஹாஃப்மனுடையது. இந்த வாரத்துக்குள் அவர் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். அவர் சேனாபதியிடம் இதுவரை பேசியதெல்லாம் லிஃப்டில் "எந்த மாடி?" என்று கேட்டது மட்டும்தான்.

"வேலையைப் பாத்தெல்லாம் குடுக்க மாட்டாங்க மச்சி," என்றான் பக்கத்து சீட் கிரீஷ். அவனுக்கும் க்ரீன் கார்டு இல்லை; ஆனால் விசாவில் தாராளமாக வருடங்கள் பாக்கி இருந்ததால் ஞானி மாதிரிப் பேச வசதி இருந்தது. "மனசைத் தொடணும். வர்ற செவ்வாய்க்கிழமை என்ன தெரியுமா? பூரிம்."

"பூரியுமா? கூட கிழங்கா?"

"டேய், யூதர்கள் பண்டிகைடா. ஹாஃப்மன் யூதர்."

"அவர் சொன்னாரா?"

"பேர் ‘மன்’னு முடியுதுல்ல? கன்ஃபர்ம்."

"அப்ப நம்ம வெங்கட்ராமன்?"

"அது வேற ஸ்பெல்லிங்."

ஒரு பல்கலைக்கழகம் மானியம் வாங்கிப் பல ஆண்டுகள் முயன்று எட்டக்கூடிய முடிவை, கிரீஷ் ஒரு டீ பேக் நனைவதற்குள் எட்டிவிட்டான். சேனாபதி மனமார வியந்தான்.

"அன்னிக்கு அவங்க ஹாமன்தாஷன்னு ஒரு முக்கோண பிஸ்கட் சாப்பிடுவாங்க," என்றான் கிரீஷ். "உள்ள பூரணம் இருக்கும். நீ வீட்ல பண்ணி எடுத்துட்டு வா. மனுஷன் அப்படியே கரைஞ்சிடுவாரு."

ஞாயிற்றுக்கிழமை சமையலறை ஆராய்ச்சி நிலையமாகப் பதவி உயர்வு பெற்றது. மாவு பிசைந்துகொண்டே மனைவி எழிலரசி கேட்டாள், "யாருங்க அந்த ஹாமன்?"

"பாரசீக ராஜாகிட்ட மந்திரியா இருந்தவன். யூதர்களை மொத்தமா அழிக்கப் பாத்தான். எஸ்தர்னு அவங்க இனத்து ராணி காப்பாத்திட்டாங்க. அவன் ஒழிஞ்ச சந்தோஷத்துல அவன் பேர்லயே பலகாரம்."

"நரகாசுரன் கேஸு. தீபாவளின்னு நேரா சொல்ல வேண்டியதுதானே? சோமாசி சுட்டுடலாம்."

"சோமாசி அரைவட்டம் எழில். இது முக்கோணம். மாவை வட்டமா வெட்டி, பூரணம் வெச்சு, மூணு பக்கமும் மடிக்கணும். நடுவுல மட்டும் திறந்திருக்கணும்."

"பூரணம் வெளியே தெரியுமே! சரியா மூடத் தெரியலன்னு என்னைத்தான சொல்லுவாங்க?"

"அதுதான் ஸ்டைலே."

"சரி, உள்ள என்ன? தேங்கா வெல்லமா, கடலைப்பருப்பா?"

சேனாபதி கடைப் பையிலிருந்து ப்ரூன்ஸ் பாக்கெட்டை எடுத்து வைத்தான். உலர்ந்த ப்ளம் பழம். அந்த வீட்டில் அதற்கு ஒரே ஒரு உபயோகம்தான் தெரியும்.

"ஏங்க, நீங்க க்ரீன் கார்டு கேக்கப் போறீங்களா, பேதிக்குக் குடுக்கப் போறீங்களா?"

"ஒரிஜினல் இதுதான் எழில். நாலு வீடியோல பாத்துட்டேன்."

முதல் தட்டு ஓவனுக்குள் முக்கோணமாகப் போயிற்று. வெளியே வந்தபோது மூலைகள் விரிந்து, ஒவ்வொன்றும் பல் டாக்டரிடம் வாய் திறந்த மாதிரி மல்லாந்து கிடந்தது. சேனாபதி கண் முன்னால் ஈரோடு பேருந்து நிலையம் ஒரு முறை வந்து போனது. எழிலரசி விரலைத் தண்ணீரில் தொட்டு, அடுத்த வட்டத்தின் மூலைகளைச் சோமாசி ஓரம் முறுக்குகிற மாதிரி முறுக்கி முறுக்கி வைத்தாள். இரண்டாம் தட்டு வெளியே வந்தபோது ஹாமன் மூன்று மூலைகளிலும் கைதாகியிருந்தான்.

"கார்டு கிடைச்சா பேர் உங்களுக்கு, மூலை கழண்டா பழி எனக்கு," என்று சொல்லி அவளே டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை. ப்ரேக் ரூம் மேசையில் தட்டு வைக்கப்பட்டது. முதலில் வந்தவன் டேனியல் ரோஹேகர். மும்பை பக்கத்துத் தாணேக்காரன், டெஸ்டிங் பிரிவு. ஆறு வருடமாக சேனாபதிக்கு எதிர் சீட். தட்டைப் பார்த்ததும் அவன் முகம் டியூப் லைட் மாதிரி இரண்டு தடவை மினுங்கிப் பிரகாசமானது.

"யார் செஞ்சது இது?" என்று இங்கிலீஷில் கேட்டபடி கை நீட்டினான்.

"டேனியல், ப்ளீஸ்," என்று கிரீஷ் தட்டை நகர்த்தினான். "இது டைரக்டருக்கு ஸ்பெஷல். அவர் எடுத்தப்புறம் நீ எடுத்துக்கோ."

ஹாஃப்மன் காப்பிக் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"ஹாப்பி பூரிம், சார்!"

"நன்றி, நன்றி," என்றார் ஹாஃப்மன். "அப்படியென்றால் என்ன?"

சேனாபதி தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

"உங்க... பண்டிகை சார். ஞாயித்துக்கிழமை முழுக்க வீட்ல நின்னு பண்ணினது."

"என்னுடையதா? நான் விஸ்கான்சின்காரன். பரம்பரை லூத்தரன் கிறிஸ்தவன். என் மாமா பாதிரியார்."

சேனாபதி கிரீஷைப் பார்த்தான். கிரீஷ் மைக்ரோவேவில் மணி பார்த்தான்.

"என்னுடைய பண்டிகை," என்றான் டேனியல்.

"நீ கிறிஸ்டியன்தான?" என்றான் கிரீஷ், டேனியலைத் திருத்துகிற தொனியில்.

"நான் யூதன். எங்க ஊர்ப்பக்கம் நூத்துக்கணக்கான வருஷமா இருக்கோம். சேர்ந்த முதல் வாரமே உங்ககிட்ட சொன்னேன், எங்க வீட்ல எல்லாரும் ‘ஜூஸ்’னு. நீதான் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஆரஞ்சா ஆப்பிளான்னு கேட்டே."

தமிழ்க் காதில் யூதரும் பழச்சாறும் ஒரே ஜூஸ்தான் என்பதை நியாயவான்கள் ஒப்புக்கொள்வார்கள்.

"ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்கு ப்ளம் கேக் குடுத்தோமே!" என்றான் சேனாபதி, ஏமாற்றப்பட்டவன் குரலில்.

"நல்லா இருந்தது. புனித வெள்ளிக்கு என் முன்னால யாரும் சிக்கன் சாப்பிடாம இருந்தீங்க பாரு, அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது. எனக்கு ஒரு துண்டும் வரல." டேனியல் ஒன்றை எடுத்துக் கடித்தான். "சூப்பர். ஆனா எங்க வீட்ல இதெல்லாம் கிடையாது. பூரிமுக்கு அம்மா போளிதான் பண்ணுவாங்க."

போளி! எழிலரசி கண்ணை மூடிக்கொண்டு பண்ணுவாளே அது! சேனாபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் நாகரிகத்தின் சிகரம் மனிதனை அப்படிக் கைவிட்டுவிடுமா? ஹாஃப்மன் ஒன்றைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். அவர் கண் கலங்கியது. ப்ரூன்ஸ் இன்னும் வேலை செய்யாததால் அது உணர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒரு சக ஊழியனின் பண்டிகைக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறாய்," என்றார். "வேறு யார் செய்வார்கள்? க்ரீன் கார்டுக்கு யார் பெயரைக் கொடுப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். குழப்பம் தீர்ந்தது." அங்கேயே போனை எடுத்தார், தட்டினார், அனுப்பினார். பிறகு சேனாபதியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள், கிரீஷ்."

"சார், நான் சேனாபதி."

"தெரியும். கிரீஷ் சேனாபதி."

"இல்ல சார், கிரீஷ் இவன்."

ஹாஃப்மன் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி இவனைப் பார்த்தார். "ஓ," என்றார். "மெயில் போய்விட்டதே. ஒரு தடவைதான் பெயர் கொடுக்கலாமாம், மாற்ற முடியாதாம்."

"மச்சி, நான் வாயையே திறக்கலடா. நீயே பாத்தே," என்றான் கிரீஷ், ஏற்கெனவே குடியேறிவிட்ட குரலில்.

டைரக்டர் என்பவர் சங்கடத்தில் நெடுநேரம் நிற்கக் கூடாது. ஹாஃப்மன் மூன்றாவது ஹாமன்தாஷனைக் கோப்பை மாதிரி உயர்த்திப் பிடித்து, அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"நம் கம்பெனியில் எனக்குப் பிடித்ததே இதுதான். இங்கே யாரும் யாரையும் வித்தியாசப்படுத்திப் பார்ப்பதே இல்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். சேனாபதியும் தட்டினான். மறுக்க முடியாத உண்மைக்கு வேறு என்னதான் செய்வது?