கம்ப்யூட்டருக்கும் கவாத்து உண்டு

கோத்தகிரியில் வைரஸுக்குப் பயந்தவர்கள் பலர் இருந்தார்கள். வைரஸே பயந்த ஆள் ஒருவர்தான். அவரை டீமேக்கர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்துகொண்டே போன காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று இலையைச் செடியிலேயே விட்டுவிட்டுப் பாதிப் பேர் திருப்பூர் பஸ் ஏறினார்கள். டீமேக்கர் காலமெல்லாம் தூள் தயாரித்த சின்ன ஃபேக்டரியும் மூடிவிட்டது. சாமான்களை விற்றபோது ஆளாளுக்கு இரும்பையும் பலகையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் ஆபீஸ் மூலையில் கிடந்த கம்ப்யூட்டரை வாங்கி, கம்பளியில் சுற்றி, ஜீப்பில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே மகள் மஸ்கட்டில் நர்ஸ். அவள் முகத்தை அதில் பார்க்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த நான் அன்றைக்கு அவரிடம் மாட்டியவன்தான்.

ஃபேக்டரியில் தூள் சலிக்கும் அறைக்கு என்ன சட்டமோ, அதுதான் கம்ப்யூட்டர் அறைக்கும். செருப்பை வெளியே விட வேண்டும், காலைத் துடைக்க வேண்டும். ஈரம் ஏறாமலிருக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். நான் கொண்டுபோகும் சிடியை வாங்கி முதலில் முகர்ந்து பார்ப்பார். தூளை மோந்தே தரம் பிரித்த மூக்கு அது. "இதுல என்னமோ ஈர வாசம் அடிக்குதுங்க தம்பி" என்று ஆன்டிவைரஸ் சிடியையே வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் இன்னும் கறார். அவர் அதை அடிக்கும்போது நானோ, அவர் மனைவியோ, பால்காரரோ, யார் அறையில் இருந்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். எல்லோரும் திரும்பிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டுவார். மகளின் பெயர்தான் பாஸ்வேர்டு என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து டீமேக்கர் அப்பிச்சி ஆனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேர் வைப்பது என்று முடிவானது. பேரைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். அப்பா கம்ப்யூட்டரில் வந்து முதலில் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டரோ நகரவே மாட்டேன் என்றது. டீமேக்கர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். தேயிலைச் செடி மூப்பாகித் துளிர் குறைந்தால் பழைய கிளைகளை வெட்டித் தள்ளிவிடுவார்கள். கவாத்து என்று பேர். கொஞ்ச நாளில் புதுத் துளிர் தளதளவென்று கிளம்பும். அதே மாதிரி கம்ப்யூட்டருக்குள் இருந்ததையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, பழசு அத்தனையையும் அழித்துவிட்டார். அது ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழசில்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை கடைக்கு வந்து நிதானமாகச் சொன்னார். "கவாத்து பண்ணீட்டனுங்க தம்பி. இன்னும் துளிர் வரலைங்க. எத்தனை நாளாகுமுங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போய் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். முகம் காட்டும் ப்ரோக்ராம், அப்டேட் போட்டால்தான் வேலை செய்வேன் என்றது. அவர் வீட்டு டெலிபோன் லைனில் அது இறங்க ஒரு பகல் முழுக்க ஆகும். அதுவரை போன் எங்கேஜ்டாகவே இருக்கும். நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ராத்திரியில் போடலாமென்றால் அந்தத் தெருவில் கரண்ட் நிலைத்து நிற்காது.

சாயங்காலம் முக்கால்வாசிக்குமேல் இறங்கியிருந்தபோது டீமேக்கர் எழுந்து ஒயரைப் பிடுங்கினார்.

"பொண்ணு கூப்புடற நேரமுங்க. எங்கேஜ்டுன்னு வந்தா பயந்துக்குவா. பச்சை உடம்புங்க."

வெள்ளிக்கிழமையும் அதேதான். அந்த நேரத்துக்குக் கூப்பிடாதே என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கத்திவிட்டேன்.

"பெத்த புள்ளைகிட்ட கூப்புடாதேன்னு சொல்ல மாட்டனுங்க" என்றார். "அப்டேட்டை மறுபடி போடறேன். நாளைக்கும் போடறேன். அறுந்தா அதுக்கும் மேல போடறேன்."

இந்தப் பிடிவாதத்தை என்ன செய்வது? கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அன்று மகள் பேசியபோது என் கடை நம்பரைக் கொடுத்து, நாளை ஒரு நாள் அதில் கூப்பிடச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையிலேயே டீமேக்கர் மின்வாரிய ஆபீஸுக்குப் போய், இன்றைக்குக் கரண்ட் போகாது என்று லைன்மேன் வாயால் சொல்லும்வரை நகராமல் நின்றிருக்கிறார். மத்தியானம் பழைய ஃபேக்டரிக் காக்கிச் சட்டையோடு என் கடைக்கு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்த வாடிக்கையாளர் யாரையும் போனைத் தொட விடவில்லை. வீட்டில் அவர் மனைவி விளக்குமாறும் கையுமாகப் பெட்டிக்குக் காவல். மகள் கூப்பிட்டாள், பேசினார், மேட்டில் ஓட்டமாக ஏறினார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அப்டேட் முழுசாக இறங்கியிருந்தது. ஒரு முறை அணைத்துப் போட வேண்டும் என்றதும் அவர் முகம் வெளிறியது. திரும்ப வெளிச்சம் வரும்வரை பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன அறையில் தெருவே நின்றது. பாஸ்வேர்டுக்காக எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் படம் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. துணியில் சுற்றிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்பிச்சி வந்துட்டேன் சாமி" என்றார். பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு குனிந்து, திரையில் மூக்கை வைத்து மெல்ல முகர்ந்து பார்த்தார். அவரைப் பார்த்து எவ்வளவோ சிரித்தவன் நான். அன்றைக்கு ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மஸ்கட் மறைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினார். "எல்லாரும் திரும்பிக்குங்க. பாஸ்வேர்டு மாத்தோணும்."

திரும்பினோம். ஒவ்வொரு எழுத்தாக, முன்பைவிட உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

கடையை மூடிவிட்டு நான் கோயமுத்தூருக்கு இறங்கி வெகு காலமாகிறது. என்னுடைய பாஸ்வேர்டுகளே எனக்கு வாரத்துக்கு ஒன்று மறந்துபோகிறது. அது மட்டும் மறக்கவில்லை. உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.